‘வெள்ளை மொழி’: குடைச்சொல்லுக்குள் திருநங்கையரின் இடம்

முன்னுரை

திருநங்கையரின் தன்வரலாறுகளைத் துயரத்தின் சாட்சியங்களாக வாசிப்பது நம் திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. இவ்வாசிப்பு இரக்கத்தைத் தருகிறது. ஆனால் அந்நூல்கள் முன்வைக்கும் வாதங்களை மறைத்துவிடுகிறது. அ. ரேவதியின் ‘வெள்ளை மொழி’ அத்தகைய வாதம் ஒன்றைக் கொண்ட நூல். தன்பாலீர்ப்பினரையும் திருநரையும் ‘பாலியல் சிறுபான்மையினர்’ என ஒரே குடையின்கீழ் நிறுத்தும்போது, அக்குடைக்குள் திருநங்கைக்குரிய இடம் எது என்னும் வினா இந்நூலில் உள்ளுறைந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

மூன்று அமைப்புகள்

நாமக்கல் பகுதியில் பிறந்த குடும்பம், தில்லியிலும் மும்பையிலும் வாழ்ந்த ஜமாத், பெங்களூரின் ‘சங்கமா’ நிறுவனம் என மூன்று அமைப்புகளின் வழியே நூல் நகர்கிறது. குடும்பம் அடித்துத் திருத்த முயல்கிறது. ஜமாத் குரு, சேலா, நானி என்னும் உறவுமுறைகளால் புதிய குடும்பத்தை அளிக்கிறது. அதற்கு ஈடாகக் கீழ்ப்படிதலைக் கேட்கிறது. நிறுவனம் உரிமை என்னும் சொல்லைத் தருகிறது. ஆயினும் ரேவதி அங்கு எளிய பணியொன்றில் சேர்ந்தே பின்னர் இயக்குநரானார். இதைத் தனிமனித வெற்றியாக மட்டும் கொள்ளலாகாது. தெருவில் காவலரின் கண்ணில் முதலில் படுபவர், ஆங்கிலமும் கல்விச் சான்றும் வேண்டப்படும் அலுவலகத்தில் கடைசியாக நுழைகிறார் என்னும் உண்மையும் இதில் அடங்கியுள்ளது. தமிழில் எழுதப்பட்ட இவ்வாழ்க்கை 2010இல் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே முதலில் அச்சேறியது. தமிழ் நூல் அதன் பின்னரே வந்தது. குடையின் மொழி எது என்பதை இவ்வரிசையே காட்டுகிறது.

சட்டம் காட்டும் வேறுபாடு

1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு ஒரு செயலைக் குற்றமாக்கியது. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிகள் சட்டமோ பெண்ணுடை அணிவதையும் பொதுவில் ஆடுவதையும் குற்றமாக்கித் தோற்றத்தையே தண்டித்தது. இவ்விரு தடங்களும் அண்மைக்காலத்திலும் ஒன்றாகச் செல்லவில்லை. 2013 டிசம்பரில் 377ஆம் பிரிவை நிலைநிறுத்திய உச்ச நீதிமன்றம், 2014 ஏப்ரலில் திருநரின் பாலின அடையாளத்தை ஏற்றது. 2018 செப்டம்பர் வரை திருநங்கை ஒருவர் அடையாளத்தால் குடிமகள். உறவு கொண்டால் குற்றவாளி. எனவே ஒரு தரப்பின் வெற்றி மறுதரப்பின் விடுதலையாகத் தானே மாறிவிடுவதில்லை.

அவ்வாறாயின் பிரிவதே தீர்வா எனில், அன்று. காவல்துறையின் வன்முறை இவ்வேறுபாடுகளைப் பார்ப்பதில்லை. திருநங்கையரிலும் தன்பாலீர்ப்புடையோர் உளர். கூட்டணி தேவை, அதில் தலைமையும் மொழியும் பகிரப்பட வேண்டும் என்பதே நூல் உணர்த்தும் நிபந்தனை.

நூலின் எல்லை

இந்நிபந்தனை ‘வெள்ளை மொழி’க்கும் பொருந்தும். அதன் மையம் திருநங்கையரே. திருநம்பியர் அதில் விளிம்பில் உள்ளனர். 2016இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் அடுத்த நூலில் ரேவதி திருநம்பியரின் வாழ்க்கைக் கதைகளுக்கு இடமளித்தார். பிறரிடம் எழுப்பிய வினாவைத் தம்மிடமும் எழுப்பிய நேர்மை இது.

முடிவுரை

ஒரு குடைச்சொல்லின் தகுதியை அது எத்தனை பேரைச் சேர்த்துக்கொள்கிறது என்பதைக் கொண்டு மட்டும் அளவிட இயலாது. அதற்குள் யார் பேசுகிறார், யார் பேசப்படுகிறார் என்பதே அளவுகோல். ‘வெள்ளை மொழி’யை வாதநூலாக வாசிக்கும்போதுதான் இவ்வளவுகோல் நமக்குக் கிடைக்கிறது. இரங்கி வாசிக்கும் திறனாய்வும் இவ்வளவுகோலுக்கு உட்பட்டதே.