பொருள்வயிற் பிரிவும் புதிய பாலையும்: தொழில்வல்லுநர் குடியேற்றப் புனைவுகளை வாசிக்கும் முறை

முன்னுரை

'புலம்பெயர் இலக்கியம்' என்னும் தொடர் தமிழாய்வில் இன்று ஒரு தனித்துறையின் பெயராக நிலைபெற்றுள்ளது. 1983 ஜூலை வன்முறைக்குப் பின் ஈழத்திலிருந்து வெளியேறியோரின் படைப்புகளைச் சுட்டவே இத்தொடர் பெரிதும் வழக்கிற்கு வந்தது. பின்னர், பொறியாளர், மருத்துவர், கணிப்பொறி வல்லுநர் என உயர்கல்வியின் துணையால் அயல்நாடு சென்ற தமிழர்களைப் பற்றிய புனைவுகளும் இப்பெயருக்குள்ளேயே வைக்கப்பட்டன. துரத்தப்பட்டவரின் துயரையும் தாமே விரும்பிச் சென்றவரின் மனக்குறையையும் ஒரே அளவுகோலால் அளப்பது பொருந்துமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. பொருந்தாது என்பதும், பின்னவரின் புனைவுகளை வாசிக்க அகத்திணை மரபின் 'பொருள்வயிற் பிரிவு' ஏற்ற கருவியாகும் என்பதும் இதன் கருதுகோள்.

கண்ணீர் மரபும் அதன் எல்லையும்

நவீனத் தமிழில் பெயர்வு பற்றிய எழுத்து கூலித் தொழிலாளரின் துன்பத்திலிருந்தே தொடங்குகிறது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட பெண்களைப் பாரதியார் பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டு புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யைப் படைத்தார். இங்கெல்லாம் பெயர்வோருக்குத் தெரிவு என்பது இல்லை. வறுமையும் கங்காணியும் அவர்களைக் கொண்டுசென்றனர். ஆகவே இப்படைப்புகளில் கண்ணீரைத் தேடிய திறனாய்வு சரியாகவே தேடியது.

ஆனால், அதே தேடல் வேறொரு வரலாற்றின் மீதும் ஏற்றப்பட்டது. அமெரிக்கா 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நாட்டினவாரியான பழைய ஒதுக்கீட்டு முறையை நீக்கிக் குடும்ப உறவுக்கும் தொழில்திறனுக்கும் முன்னுரிமை அளித்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் எச்-1பி என்னும் தற்காலிகப் பணி விசாவை வரையறுத்தது. இவ்வழிகளில் சென்றவர்கள் பட்டமும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் உடையவர்கள். இவர்களைப் பற்றிய கதைகளிலும் பனி, தனிமை, பண்டிகை நாளில் அலுவலகம் செல்லும் வருத்தம் ஆகியவற்றை மட்டுமே தொகுத்து 'அடையாளச் சிக்கல்' எனத் தலைப்பிடும் போக்கு ஆய்வேடுகளில் காணப்படுகிறது. பெற்றவை பற்றி அவை பேசுவதில்லை. வருத்தத்தை மட்டும் எண்ணி வரவை எண்ணாமல் விடுவது நேர்மையான கணக்கு ஆகாது.

நெஞ்சோடு வழக்காடல்

அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலைத் திணைக்குரியவை. ஒரு தொகையின் சரிபாதி பிரிவுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது தற்செயலன்று. பொருள் தேடப் புறப்படும் தலைவன் இப்பாடல்கள் பலவற்றில் தன் நெஞ்சோடு வழக்காடுகிறான். பொருளின்றி இல்லறக் கடன்களை ஆற்ற இயலாது என்பதை அவன் அறிவான். பொருளுக்காக இழப்பது இன்னதென்பதையும் அறிவான். இரண்டையும் எதிரெதிரே வைத்து நிறுத்துப் பார்ப்பதே பாலைப் பாடலின் இயக்கம். செல்லாது தவிர்தலைச் 'செலவழுங்குதல்' என்றனர்.

இதற்குச் சிறந்த சான்று பட்டினப்பாலை. 301 அடிகள் கொண்ட அப்பாட்டின் மிகப் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தையும் கரிகாலனின் வெற்றியையும் விரிக்கிறது. கடல்வழி வந்த குதிரைகள், மிளகு மூட்டைகள், ஈழத்து உணவு, கடாரத்துப் பொருள்கள் என நீளும் அப்பட்டியல் முழுவதும் தராசின் ஒரு தட்டில் வைக்கப்படுகிறது. மறு தட்டில் தலைவி இருக்கிறாள். அந்நகரே கிடைப்பதாயினும் அவளைப் பிரிந்து வாரேன் எனத் தலைவன் மறுக்கிறான். மறுக்கப்படும் செல்வம் குறைத்துச் சொல்லப்படவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. நகரின் பெருமை முழுமையாகச் சொல்லப்பட்டதனாலேயே மறுப்பு வலிமை பெறுகிறது. மேலும், பல மொழி பேசும் அயல்நாட்டார் அந்நகரில் கலந்து இனிது வாழ்வதையும் புலவர் கூறுகிறார். அவர்களும் தத்தம் ஊரைப் பிரிந்து வந்தவர்களே. போகத் தயங்குபவனையும் வந்து தங்கியவர்களையும் ஒரே பாட்டு தாங்கி நிற்கிறது.

புனைவுகளில் பாலை

சுஜாதாவின் 'பிரிவோம் சந்திப்போம்' இரு பாகங்களாக அமைந்த நாவல். முதற்பாகம் பாபநாசத்தில் நிகழ்கிறது. இரண்டாம் பாகம் அமெரிக்காவில் நிகழ்கிறது. ரகுபதிக்கென்று நிச்சயிக்கப்பட்ட மதுமிதா, அமெரிக்காவில் பணிபுரியும் ராதாகிருஷ்ணனுக்கு மணம்செய்து கொடுக்கப்படுகிறாள். பின்னர் ரகுபதியும் மேற்படிப்பிற்காக அங்குச் செல்கிறான். திணைமரபின்படி நோக்கினால் ராதாகிருஷ்ணனுடையது பொருட்பிரிவு, ரகுபதியுடையது ஓதற்பிரிவு. மதுமிதாவின் பயணத்திற்குத்தான் மரபில் பெயரில்லை. கடல்கடந்த பயணம் மகளிரோடு இல்லை எனத் தொல்காப்பிய நூற்பா ஒன்றிற்குப் பொருள் கொள்ளும் உரை உண்டு. உரையாசிரியரிடையே இதில் வேறுபாடும் உண்டு. அவ்வுரையை ஏற்றுக்கொண்டால், இலக்கணம் விலக்கிய பயணத்தையே இந்நாவல் தன் மையமாகக் கொள்கிறது எனலாம். அயல்நாட்டு வாழ்வின் வரவு கணவனுக்கும் பெற்றோரின் பெருமைக்கும் சேர, செலவு அவள் பெயரில் எழுதப்படுகிறது.

இது கற்பனைச் சிக்கலன்று. எச்-1பி விசா பெற்றவரின் வாழ்க்கைத்துணைக்கு அமெரிக்காவில் பணிபுரியும் உரிமை நெடுங்காலம் இல்லை. 2015ஆம் ஆண்டிலேயே அவர்களுள் ஒரு பகுதியினருக்கு அது கிடைத்தது. பட்டம் பெற்ற பெண்கள் பலர் அதுவரை விருப்பத்திற்கு மாறாக வீட்டில் இருந்தனர். பாலைப் பாடலில் தோழி தலைவனை இடித்துரைக்கிறாள்; செலவின் மறுபக்கத்தை அவள் வாய்மொழியே கேட்கச் செய்கிறது. நவீனப் புனைவில் அத்தோழியின் இடம் பெரும்பாலும் வெறுமையாக உள்ளது.

இரா. முருகனின் 'மூன்று விரல்' கணிப்பொறித் துறையினரின் வாழ்வை விரிவாகப் பேசிய தொடக்ககால நாவல்களுள் ஒன்று. இயக்கம் முடங்கிய கணிப்பொறியை மீட்க ஒருசேர அழுத்தப்படும் மூன்று விசைகளையே தலைப்பு குறிக்கிறது. எங்குச் செல்வது, எத்தனை நாள் தங்குவது என்பவற்றை இத்தொழிலில் வாடிக்கையாளரின் தேவை முடிவு செய்கிறது. சங்கத் தலைவனுக்கு இருந்த வழக்காடும் உரிமையின் ஒரு பகுதி இங்குக் குறைந்துவிடுகிறது.

அ. முத்துலிங்கம் ஈழத்தில் பிறந்து, ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியில் பல நாடுகளில் வாழ்ந்து, கனடாவில் குடியேறியவர். பிறப்பிடம் கருதி அவரது கதைகள் அனைத்தையும் ஏதிலியர் இலக்கியத்துள் அடக்குவது பொருந்தாது. தொழில்முறை அலுவலராக உலகைக் கண்ட ஒருவரின் வியப்பும் நகையுணர்வும் அவற்றில் உள்ளன. வரவையும் ஒப்புக்கொள்ளும் எழுத்து அது.

ஒப்புமை முறியும் இடம்

பாலைத் தலைவன் கார்ப்பருவத்தில் மீள்வதாகச் சொல்லிச் செல்கிறான். காலம் கடந்தாலும் மீட்சி என்னும் எல்லை பாடலின் அடியில் இருக்கிறது. இன்றைய வல்லுநருக்கு அத்தகைய பருவம் இல்லை. எச்-1பி விசா பொதுவாக ஆறாண்டுகளுக்கு உரியது. நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்க்கு அது நீட்டிக்கப்படுகிறது. வேலைவாய்ப்பு வழியிலான அவ்வுரிமையில் எந்த ஒரு நாட்டினருக்கும் 7 விழுக்காட்டிற்கு மேல் கிடைப்பது அரிதாதலால், இந்தியர்கள் பல்லாண்டுகள் வரிசையில் நிற்க நேர்கிறது. இதற்குள் பிள்ளைகள் 21 வயதை அடைந்தால் பெற்றோரைச் சார்ந்த விசா நிலையை இழக்கின்றனர். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 100,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டதும் இந்நிலையின்மையின் அடையாளமே. ஊதியமும் கல்வியும் தூய சாலையும் ஒரு தட்டில் இருக்க, இந்த நிச்சயமின்மை மறு தட்டில் ஏறுகிறது. 'இன்னும் இரண்டு ஆண்டுகள்' எனத் தள்ளிப்போடும்போது பிரிவுக்குப் பின் வரவேண்டிய முல்லை வருவதில்லை. ஊரில் காத்திருக்கும் முதிய பெற்றோரின் இருத்தலுக்கும் அளவில்லாமல் போகிறது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தே பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. இங்கு அத்திரிபு வெயிலால் அன்றி விண்ணப்பத் தாள்களால் நிகழ்கிறது.

முடிவுரை

தொழில்வல்லுநரின் அயல்வாழ்வைப் பேசும் புனைவுகளைக் கண்ணீர் இலக்கியமாக வாசிப்பது உண்மையில் துரத்தப்பட்டோரின் துயரத்தை எளிமைப்படுத்துவதாகும். அவற்றை வெறும் வெற்றிக் கதைகளாக வாசிப்பதும் மெய்யான இழப்புகளை மறைப்பதாகும். பொருள்வயிற் பிரிவு என்னும் நோக்கு இவ்விரு தவறுகளையும் தவிர்க்க உதவுகிறது. கணக்கில் யாருடைய வரவு எழுதப்பட்டது, யாருடைய செலவு விடுபட்டது என்று அது வினவச் செய்கிறது. அதே வேளையில், பெண்ணே பொருள்வயிற் பிரியும் நிலையும், மீளாத பிரிவும் பழைய இலக்கணத்திற்குள் அடங்குவன அல்ல. அவற்றிற்குத் துறை வகுப்பது இன்றைய திறனாய்வின் கடமை. தமிழகத்திற்கு வெளியே இயங்கும் தமிழ்த் துறைகளில் பணியாற்றும் நம்மனோர்க்கு இக்கடமை இன்னும் அணுக்கமானது. சிறிய அளவிலேனும் நாமும் பொருள்வயிற் பிரிந்து வந்தவர்களே.