புகையை நிறுத்தும் புட்டி

காலையில் முதல் ஸ்டார்ட்டில் எங்கள் பழைய புரோட்டோன் சாகா ஒரு வாய் நீலப் புகையைத் துப்பும். அரை நிமிடத்தில் அடங்கிவிடும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் மின்யாக் ஹித்தாம், அதாவது எஞ்சின் எண்ணெய், கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். சிரம்பானின் ராஹாங்கிலோ செனவாங்கிலோ பட்டறைக்குப் போனால் ஃபோர்மேன் அலமாரியிலிருந்து ஒரு குட்டிப் புட்டியை எடுத்து வைப்பார். “அண்ணே, இத ஊத்திப் பாருங்க, புகை நின்னுரும். எஞ்சினும் மெத்துன்னு ஓடும்.” முப்பது நாற்பது வெள்ளிதான். எஞ்சினை இறக்கிப் பிரித்தால் ஆயிரக்கணக்கில் போகும். ஆசை யாரை விட்டது? நானும் இரண்டு முறை ஊற்றியிருக்கிறேன்.

ஃபோர்மேன் பொய் சொல்லவில்லை. புகை குறையத்தான் செய்கிறது. ஏன் குறைகிறது என்பதில்தான் வழக்கு. இந்தப் புட்டிகளில் பல, கஞ்சியில் மாவைக் கரைத்தது போல எண்ணெயைக் கெட்டியாக்கும் பாலிமர்க் கரைசல்கள். கெட்டியான எண்ணெய் தேய்ந்த இடுக்கில் மெதுவாக இறங்கும், சத்தத்தையும் அமுக்கும். தேய்ந்த இரும்பு தேய்ந்தபடியேதான் இருக்கும். இதே வேலையை 20டபிள்யூ-50 போன்ற கெட்டி எண்ணெய் ஊற்றினாலே முடித்துக்கொள்ளலாம். தனிப் புட்டிக்குத் தனிக் காசு எதற்கு?

தவிர, டின்னில் வரும் எண்ணெயே வெறும் எண்ணெய் அல்ல. அதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கசடு கழுவும் கால்சியம், தேய்மானம் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் கூட்டு, நுரை அடக்கி என்று அளந்து கலந்த சரக்கு. இவற்றில் சில ஒரே உலோகப் பரப்பில் இடம்பிடிக்கப் போட்டியிடுபவை. தேர்ந்த சமையல்காரர் இறக்கிவைத்த குழம்பில் வீட்டுக்கு வந்தவர் இன்னொரு கைப்பிடி உப்பைப் போடுவது போலத்தான் இது.

சோதித்துப் பார்த்தவர்கள் உண்டா? உண்டு. 1996இல் அமெரிக்காவின் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழ் நியூயார்க்கின் 75 டாக்சிகளில் எஞ்சினைப் புதுப்பித்து, 60,000 மைல் ஓடவிட்டு, பிறகு பிரித்து அளந்தது. ஸ்லிக் 50, எஸ்டிபி கலவைகளை ஊற்றிய வண்டிகளில் தனிப் பலன் எதுவும் தெரியவில்லை. நாள் முழுக்கச் சூடாகவே ஓடும் டாக்சி, சந்தைக்குப் போய்வரும் சாகாவுக்கு ஒப்பாகுமா என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் பலனை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு விற்பவருடையது. அதே ஆண்டு, ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் பாதுகாப்பின்றித் தேய்கிறது என்று பயமுறுத்திய ஸ்லிக் 50 விளம்பரங்கள் பொய்யென்று அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. மறு ஆண்டு நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. இத்தனைக்கும் அங்கே பனி உறையும் காலைகள் உண்டு. சிரம்பானில் விடியற்காலையிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. தோட்டத்துத் துரை காலத்து மோரிஸ் மைனரைப் பேணி வைத்திருப்பவர்கள், புது எண்ணெய்களில் துத்தநாகம் குறைந்துவிட்டது, கேம் தேய்ந்துவிடும், அதனால் புட்டி வேண்டும் என்பார்கள். 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரம் பாஸ்பரஸை 0.08 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் கட்டியது உண்மை. அந்த உச்சவரம்பு 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய எண்ணெய்களுக்கு மட்டும். மைனர்காரர்கள் ஊற்றுவதோ பெரும்பாலும் 20டபிள்யூ-50. அது அந்த வரம்புக்குள் வராது.

ஒரே ஒரு வகைக்கு மட்டும் நான் இடம் கொடுப்பேன்: ரப்பர் சீல்களை இளக்கிச் சற்று ஊதவைக்கும் கலவை. கிராங்க் பின்பக்க சீல் மெல்லக் கசிகிறது, அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றால், கூலியை நினைத்து ஒரு புட்டி முயலலாம். சீல் இறுகியிருந்தால் பலிக்கும், கிழிந்திருந்தால் பலிக்காது. அதையும் கசிவு எங்கே என்று கண்டுபிடித்த பிறகே ஊற்ற வேண்டும்.

புகையின் காரணத்தைக் கண்டுபிடிக்க நம் ஊரிலேயே ஒரு சோதனைச்சாலை இருக்கிறது. புக்கிட் புத்துஸ் மேடேறும்போது நீலப் புகை தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்கலாம். உறுதிப்படுத்த, பிளக் துளை வழியே ஒரு கரண்டி எண்ணெய் விட்டு கம்ப்ரஷனை மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் ரிங் போய்விட்டது. அதற்கு எந்தப் புட்டியும் மருந்தல்ல. ஏறும்போது சும்மா இருந்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக்கொண்டு இறங்கிவந்து அடிவாரத்தில் மிதித்ததும் குபுக்கென்று புகைந்தால் வால்வு சீல்.

எங்கள் சாகா இறங்கிய பிறகுதான் புகைந்தது. ஹெட்டைக்கூடக் கழற்றாமல், சிலிண்டருக்குள் காற்றை அடைத்து வால்வுகளைத் தாங்கவைத்துச் சீல்களை மாற்றினார்கள். பழையதில் ஒன்றைக் கேட்டு வாங்கி நகத்தால் அழுத்திப் பார்த்தேன். தோட்டத்து ரப்பர் அல்ல, செயற்கை ரப்பர்தான். காய்ந்த கொட்டைப்பாக்கு போல இருந்தது, நகம் இறங்கவில்லை.