ஆயுள் முழுவதும்

விமரிசனம் என்றால் நாவலையோ கவிதையையோ பற்றித்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிப் போயிருக்கிறது. நாவல் வாங்குகிறவர்கள் இந்த நாட்டில் சில ஆயிரம் பேர். செல்போன் கம்பெனிகள் எழுதி வெளியிடுகிற கட்டணத் திட்டங்களுக்கோ கோடிக்கணக்கான பேர் மாதா மாதம் பணம் கொடுக்கிறார்கள். அவற்றைப் படிப்பவர்தான் யாரும் இல்லை. இத்தனை விற்பனையுள்ள ஓர் எழுத்தை விமரிசகர்கள் தீண்டாமல் ஒதுக்கிவைத்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆகவே அந்த எழுத்தில் அடிக்கடி தலைகாட்டும் இரண்டு சொற்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று 'அன்லிமிடெட்'. மற்றொன்று 'லைஃப்டைம்', அதாவது ஆயுள்.

முதல் சொல்லின் கதை அமெரிக்காவில் நடந்தது. 2007-ல் ஐபோன் வெளிவந்தபோது அந்த நாட்டில் அதை விற்றது ஏ.டி. அண்டு டி. கம்பெனி. மாதம் இவ்வளவு டாலர் கட்டினால் இன்டர்நெட்டை அளவின்றிப் பயன்படுத்தலாம் என்றது. ஜனங்கள் அந்த வார்த்தையை அப்படியே நம்பிவிட்டார்கள், பயன்படுத்தவும் தொடங்கினார்கள். இதைக் கம்பெனி எதிர்பார்க்கவில்லை போலும். 2010 ஜூனில் இனி வருகிறவர்களுக்கு அன்லிமிடெட் கிடையாது என்று அறிவித்தது. ஏற்கெனவே வாங்கியவர்கள் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது.

இப்படிப் பழையவர்களுக்கு மட்டும் பழைய சலுகையைத் தொடர்ந்து கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. தமிழில் சொன்னால் 'தாத்தா விதி'. கேட்பதற்குப் பாசமாக இருக்கிறது அல்லவா? பிறந்த இடம் அவ்வளவு பாசமானது அல்ல. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து கறுப்பர்களுக்கு வாக்குரிமை வந்த பிறகு, தென் மாநிலங்கள் சில வாக்களிக்க எழுத்தறிவுப் பரீட்சையும் சொத்துத் தகுதியும் வைத்தன. அப்படி வைத்தால் படிக்காத ஏழை வெள்ளையர்களும் அடிபட்டுப் போவார்களே? அதற்காக லூயிசியானா மாநிலம் 1898-ல் ஒரு வழி கண்டுபிடித்தது. 1867 ஜனவரி 1-ஆம் தேதியிலோ அதற்கு முன்போ வாக்குரிமை பெற்றிருந்தவருக்கும், அவருடைய மகனுக்கும் பேரனுக்கும் பரீட்சை வேண்டாம் என்றது. அந்தத் தேதியில் எந்தக் கறுப்பனுடைய தாத்தாவுக்கு அங்கே வாக்கு இருந்தது? இதே வகையில் ஓக்லஹோமா செய்திருந்த சட்டம் செல்லாது என்று 1915-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சட்டம் போயிற்று, சொல் நின்றுவிட்டது. சொற்களுக்கு இப்படி ஒரு ஞாபகமறதி உண்டு. சலுகை என்பது யாரையோ வெளியே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே இருப்பவரை உபசரிக்கிறது என்ற விஷயம் மட்டும் அந்தச் சொல்லுக்குள் இன்னும் ஒளிந்துகொண்டிருக்கிறது.

செல்போன் கதைக்குத் திரும்புவோம். தாத்தாக்களை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்தது? வெளியே போ என்று சொல்லவில்லை. 2011-லிருந்து, ஓர் அளவுக்கு மேல் பயன்படுத்தியவர்களின் வேகத்தைக் குறைத்தது. திட்டத்தின் பெயர் அன்லிமிடெட்தான். பக்கம் திறப்பதற்குள் காப்பி ஆறிவிடும். அமெரிக்க அரசாங்கத்தின் வர்த்தகக் கமிஷன் 2014 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. முப்பத்தைந்து லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள் என்றது. ஐந்து வருஷம் இழுத்து, 2019 நவம்பரில் 6 கோடி டாலருக்குச் சமரசமாயிற்று.

வெரைசன் என்ற போட்டிக் கம்பெனியின் உத்தி இதைவிட நுட்பமானது. கதாசிரியன் என்ற முறையில் ரசிக்கத்தக்கது என்றுகூடச் சொல்வேன். அந்த நாட்டில் போனைக் கம்பெனியே குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் மிச்சத்தை வசூலித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. வெரைசன் 2012 ஜூனில் ஒரு நிபந்தனை போட்டது. சலுகை விலையில் புதிய போன் எடுத்தால் பழைய அன்லிமிடெட் திட்டத்தை விட்டுவிட வேண்டும். முழு விலை கொடுத்து வாங்கினால் திட்டம் உன்னோடு இருக்கும். இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பளபளவென்று புதிய போன் மேஜைமேல் இருக்கிறது. பக்கத்தில் பேனா இருக்கிறது. தன் உரிமையைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டு மனிதன் சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறான். மகாபாரதத்துச் சூதாட்ட மண்டபத்திலாவது எதிரே சகுனி என்று ஒருவன் உட்கார்ந்திருந்தான். இங்கே ஆட்டம் ஆசைக்கும் அவனுக்கும் மட்டுமே. அப்படியும் ஒரு கூட்டம் மசியவில்லை. நூற்றுக்கணக்கான டாலர் முழு விலையாகக் கொடுத்துப் போன் வாங்கி, திட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டது. அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நம் நாட்டில் இந்த உத்தி பலிக்காது. இங்கே போனைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். திட்டம் சிம் கார்டோடு, எண்ணோடு இருக்கிறது. (2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்குப் போன் கொடுத்த கதை வேறு. அந்தப் போனும் அந்தக் கம்பெனியின் இணைப்பும் ஒட்டிப் பிறந்தவை.) போனை மாற்றுவதால் மட்டும் பழைய திட்டம் போய்விடாது. ஆனால் போனை மாற்றுகிற வேளையில்தான் போகிறது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

திண்டுக்கல்லுக்குத் தெற்கே, செம்பட்டிப் பக்கம், ஆத்தூர் வட்டத்தில் சித்தையன்கோட்டை என்று ஒரு பேரூர். சுற்றிலும் நெல் வயல். 2018 ஐப்பசியில் ஒரு காரியமாக அங்கே போயிருந்தபோது, மழைக்காக ஒரு செல்போன் கடை வாசலில் ஒதுங்கினேன். பெரியவர் ஒருவர் தம் பட்டன் போன் வரப்புத் தண்ணீரில் விழுந்து போயிற்று என்று புதிதாக ஒரு டச் போன் வாங்கிக்கொண்டிருந்தார். பழைய சிம் பெரிய அளவு. புதிய போனின் வாய் சிறியது.

"தாத்தா, இந்தச் சிம்மு இதுல போகாது. புது நம்பர் ஒண்ணு போட்டுத் தாரேன். தினம் ஒரு ஜி.பி. நெட்டு, பேச்சு அன்லிமிடெட்டு" என்றான் கடைப் பையன்.

"நெட்டு எனக்கு எதுக்குப்பா? மகன் வெளிநாட்டுலேருந்து பேசுறது இந்த நம்பர்லதான்."

"சரி, நம்பர் அப்படியே இருக்கட்டும். பிளானை மட்டும் மாத்திருவோம்."

"ஆயிரம் ரூவா வாங்கிக்கிட்டு ஆயுசுக்கும்னு சொல்லித்தானே குடுத்தாக? எனக்கு ஆயுசு இன்னும் முடியலையேப்பா!"

பையன் சிரித்துவிட்டான். நல்ல பையன், ஏமாற்றுகிற எண்ணம் அவனுக்கு இல்லை. புதிய திட்டம் உயர்ந்தது என்று அவன் உண்மையாகவே நம்பினான். பெரியவர் அடுத்த நாள் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறி, கம்பெனி அலுவலகத்தில் அதே எண்ணுக்குச் சிறிய சிம் வாங்கிப் போட்டுக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். விவரம் தெரிந்தவர். சிம்மை மாற்றினால் திட்டம் மாறாது, "வேறு ஆஃபர் போட்டுவிடட்டுமா?" என்ற கேள்விக்குத் தலையை ஆட்டினால்தான் மாறும்.

அந்த ஆயுள் திட்டம் எப்போது வந்தது என்பதை வாசகர்கள் மறந்திருக்கலாம். 2005-ன் கடைசியிலும் 2006-ன் தொடக்கத்திலும் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு அதை விற்றன. ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் ஒரே தடவை கட்டிவிட்டால் போதும்; வருகிற அழைப்புக்கு ஆயுள் முழுவதும் காசில்லை. 'ஆயுள்' என்ற இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது இவ்வளவு ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்பது போன்ற சங்கதிகள் அந்த நட்சத்திரத்தின் கீழே பொடி எழுத்தில் வாசம் செய்தன.

யாருடைய ஆயுள் என்ற கேள்வி எழுந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006 மார்ச்சில் பதில் சொன்னது. கம்பெனிக்கு அப்போதுள்ள லைசென்ஸோ, புதுப்பித்த லைசென்ஸோ சேவை நடத்த அனுமதிக்கிற காலம் வரையில் அந்தத் திட்டம் நீடிக்க வேண்டும் என்றது. வாடிக்கையாளர் தம்முடைய ஆயுள் என்று நினைத்துப் பணம் கட்டினார். சட்டத்தில் அது லைசென்ஸின் ஆயுள். நம் இலக்கியப் பத்திரிகைகள் ஆயுள் சந்தா சேர்ப்பதைப் போலத்தான். பத்திரிகையின் ஆயுளா சந்தாதாரரின் ஆயுளா என்று கேட்பது மரியாதை இல்லை என்று நாமும் சும்மா இருந்துவிடுகிறோம். ஆனால் பத்திரிகைக்காரர் கைக்காசைப் போட்டு நொடித்துப் போகிறவர். அவரையும் இவர்களையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கம்பெனியே சாகிற சந்தர்ப்பமும் வந்தது. 1999-ல் தமிழ்நாட்டில் சேவை தொடங்கிய ஏர்செல், 2018 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் சிக்னல் இல்லாமல் படுத்துவிட்டது. கடைகள் முன் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். வேறு கம்பெனிக்கு மாறுவதற்கு வேண்டிய குறியீட்டைப் பெறக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். குறுஞ்செய்தி அனுப்பச் சிக்னல் வேண்டும்! 2011 ஜனவரியில் நாடெங்கும் அமலுக்கு வந்த விதிப்படி எண்ணை எடுத்துக்கொண்டு போகலாம். திட்டத்தை எடுத்துக்கொண்டு போக முடியாது. இடிந்த வீட்டின் கதவிலக்கத்தைக் கழற்றிக்கொண்டு போவது மாதிரிதான்.

சித்தையன்கோட்டைப் பெரியவருடைய கம்பெனி சாகவில்லை. லைசென்ஸும் இருந்தது. ஆனால் 2018-ன் கடைசியில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும், 28 நாளுக்கு ஒரு தடவை குறைந்தது 35 ரூபாய் ரீசார்ஜ் செய்யாதவர்களுக்கு அழைப்புகளை நிறுத்தப்போவதாகச் செய்தி அனுப்பத் தொடங்கின. கணக்கில் போதிய பணம் இருக்கும்போதே இணைப்பைத் துண்டிக்கக் கூடாது, என்ன செய்ய வேண்டும் என்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று நவம்பரில் டிராய் குறுக்கிட்டது. கட்டணத்தில் அது கை வைக்கவில்லை. ஆக, ஆயுள் முழுவதும் என்றது 28 நாளாகச் சுருங்கிற்று. 28 நாளில் ஒரு சூட்சுமம் வேறு இருக்கிறது. அந்தக் கணக்கில் வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்துத் தீர வேண்டும் என்று டிராய் சொல்வதற்கு 2022 ஜனவரி ஆகிவிட்டது.

அமெரிக்கக் கதையையும் நம் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, எழுத்து என்ற வகையில் அமெரிக்கக் கதையே மேல் என்பது என் அபிப்பிராயம். அங்கே வாடிக்கையாளனுக்கு ஒரு பாத்திரம் உண்டு. அவன் தேர்ந்தெடுக்கிறான், தோற்றாலும் தன் கையால் தோற்கிறான். நம் கதையில் பெரியவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். பையனுடைய பேச்சுக்கு மயங்கவில்லை. பஸ் ஏறிப் போய்ச் சிம் மாற்றிக்கொண்டு வந்தார். பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டது. இப்படி ஒரு முடிவை நாவலில் எழுதினால் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

கம்பெனிகளின் கட்சியையும் சொல்லத்தான் வேண்டும். கோபுரம் நிறுத்த, அலைக்கற்றை ஏலத்தில் எடுக்க, பணம் தண்ணீராக ஓடுகிறது. ஆயிரம் ரூபாய் ஒருவர் கொடுத்தார் என்பதற்காக இருபது வருஷம் அவரைச் சுமக்க முடியுமா? புதிதாக வருகிறவர் கொடுக்கிற காசில் பழையவர் சுகப்படுவது நியாயமா? தாத்தா விதியின் பிறப்பை நினைத்தால் இந்தக் கடைசிக் கேள்வி என்னை உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் கணக்குப் போட வேண்டியது விற்றவர். 'ஆயுள்' என்ற சொல்லைப் பெரியவர் எழுதவில்லை. 'லைசென்ஸ் உள்ளவரை, எங்களுக்குக் கட்டுப்படியாகும்வரை' என்று அவர்கள் எழுதியிருக்கலாம். அந்த வாசகத்துக்கு யாரும் ஆயிரம் ரூபாய் கொடுத்திருக்க மாட்டார்கள் என்பதால்தான் எழுதவில்லை.

'அன்லிமிடெட்' நம் ஊருக்கும் வராமல் போகவில்லை. 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ இலவசமாகவே கடை விரித்தது. அதன் பிறகு எல்லாக் கம்பெனிகளும் அன்லிமிடெட்தான். ஒரு நாளைக்கு இத்தனை ஜி.பி. என்று ஓர் அளவு. அது தீர்ந்ததும் வேகம் நொடிக்கு 64 கிலோபிட் என்கிற மாதிரி இறங்கிவிடும். நின்றுவிடவில்லை அல்லவா, ஆகவே அன்லிமிடெட். அளவுச் சாப்பாடு போட்டுவிட்டு, அதற்கு மேல் கேட்டால் பருக்கை பருக்கையாகப் பரிமாறுகிற ஓட்டலுக்கும் இந்தப் பலகையைத் தாராளமாக மாட்டலாம். 5-ஜி வந்தபோது மறுபடியும் அளவில்லை என்றார்கள். 2024 ஜூலை 3-ல் ஜியோவும் ஏர்டெல்லும் கட்டணத்தை உயர்த்தியபோது, அளவில்லாத 5-ஜி என்பது தினம் 2 ஜி.பி.யும் அதற்கு மேலும் உள்ள திட்டக்காரர்களுக்கு மட்டும் என்று ஆயிற்று. அந்தத் தேதிக்கு முன்பே பழைய விலையில் ரீசார்ஜ்களை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி வரிசையில் நிறுத்திக்கொண்ட சமர்த்தர்கள் உண்டு. நம் நாட்டுத் தாத்தா விதி இவ்வளவுதான்: வரிசை தீரும்வரை.

ஏர்டெல்லின் 35 ரூபாய்ப் படி, 2021 ஜூலையில் 79 ஆயிற்று, நவம்பரில் 99, 2024 ஜூலையில் 28 நாளுக்கு 199. நெட் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள ரீசார்ஜ் ஒன்றைத் தனியாக விற்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி செய்தது. "நெட்டு எனக்கு எதுக்குப்பா?" என்று பெரியவர் கேட்டு அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது.