சீல் வைத்த பெட்டியும் முல்லைத்தீவு முகாமும்

சிங்கள இராணுவத்தானின் சவப்பெட்டியைப் பற்றி எடுத்த படத்தை நாம் எதற்குப் பார்க்க வேண்டும்? பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ பற்றிப் பேச்சு வரும்போது எம்மத்தியில் எழும் முதற் கேள்வி இதுதான். ‘எங்கள் பிணங்களுக்குப் பெட்டியும் கிடைக்கவில்லையே’ என்ற கோபம் அதற்குள் இருக்கிறது. கோபம் நியாயமானது. படத்தைப் பார்க்காமல் விடுவதற்கு அது காரணமாகாது.

1997இல் எடுக்கப்பட்ட படம். வரண்டுபோன குளத்தையுடைய ஒரு சிங்களக் கிராமம். கண் தெரியாத கிழவர் வன்னிஹாமி. வடக்குப் போர்முனையிலிருந்து மகன் பண்டார சீல் வைத்த பெட்டியாக வீடு வருகிறான். திறக்கக்கூடாது என்பது உத்தரவு. ஊர் அழுகிறது, புதைக்கிறது, நட்டஈட்டுப் படிவத்தை நீட்டுகிறது. கிழவர் மட்டும் ஒப்பமிட மறுக்கிறார். இறுதியில் பெட்டி தோண்டி எடுக்கப்படுகிறது. உள்ளே வாழைக்குற்றியும் கல்லும். ஜோ அபேவிக்ரம இந்தக் கிழவராக அதிகம் பேசாமல், கைகளாலேயே நடித்திருக்கிறார். படிவம் கொண்டுவரும் கிராம சேவகர் கெட்டவரல்ல. மகனின் பெயரில் பஸ் தரிப்பிடம் கட்டலாம் என்னும் பிக்குவும் கெட்டவரல்ல. ஏழைக் குடும்பத்துக்குக் காசு தேவை, ஊருக்கு நிழல் தேவை. பொய்யொன்று இப்படி எல்லோருடைய தேவையாகவும் மாறிவிடுவதைக் காட்டியதுதான் இப்படத்தின் பெரும் பலம். 2000இல் அரசு திரையிடலைத் தடுத்ததும், 2001இல் உச்ச நீதிமன்றம் வரை போய் அனுமதி பெற வேண்டியிருந்ததும் ஆச்சரியமல்ல.

எனது விமர்சனம் வேறிடத்தில். விதானகேயின் படத்தில் பெட்டியை மூடியது அரசு மட்டுமே. படம் எடுக்கப்படுவதற்கு முந்திய ஆண்டை நினைத்துப் பார்த்தால் அது பாதி உண்மைதான்.

1996 யூலை 18 அதிகாலை விடுதலைப் புலிகள் முல்லைத்தீவு இராணுவ முகாமைத் தாக்கினர். ‘ஓயாத அலைகள்’ என்று பெயர். சில நாட்களில் முகாம் வீழ்ந்தது. ஆயிரத்துக்கும் அதிகமான படையினர் மாண்டோ காணாமற்போயோ போயினர். அவ்வாண்டு ஏப்ரலிலிருந்தே போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை இருந்தது. எத்தனை பேர் என்பதைத் தென்னிலங்கைப் பெற்றோருக்கு ஒழுங்காகச் சொல்ல அரசு விரும்பவில்லை. சடலங்களைச் செஞ்சிலுவைச் சங்கத்தினூடாகக் கையளிக்கப் புலிகள் முன்வந்தபோது, ஒரு பகுதியே ஏற்கப்பட்டது; எஞ்சியவை வன்னியில் எரிந்தன. ‘காணாமற்போனோர்’ என்ற சொல் இங்கே அரசுக்குக் கைகொடுத்தது. இறந்தவர் தொகையைக் குறைத்துக் காட்ட அது உதவியது.

மறுபக்கம்? சரணடைந்தவர்கள் சுடப்பட்டனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. வெற்றியைக் கொண்டாடிய புலம்பெயர் மண்டபங்களில் அது விவாதத்துக்கு வரவில்லை. கைதியாகப் பிடிபட்டவனின் பெயர் வெளியே வராவிட்டால் அவனும் காணாமற்போனவனே. ஆக, அந்தப் பெட்டியை மூடுவதற்கு இரு தரப்பின் கைகளும் வேண்டியிருந்தன. 1986இல் ரெலோ இளைஞர்களை வீதியில் எரித்த இயக்கத்திடம் எதிரியின் பிணத்துக்குக் கணக்குக் கேட்பதே வீண் என்று யாராவது சொல்லக்கூடும். நான் வீண் என்று நினைக்கவில்லை.

நாம் வாழும் இந்த நாட்டில் எழுதப்பட்ட ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1949ஆம் ஆண்டின் முதலாவது ஜெனீவா உடன்படிக்கை, நாடுகளுக்கிடையிலான போரில் இறந்த எதிரியின் விபரத்தைப் பதிவு செய்யவும், இரட்டை அடையாளத் தகட்டின் ஒரு பாதியை உடலோடு விடவும் சொல்கிறது. உள்நாட்டுப் போருக்கென்று அதிலிருக்கும் மூன்றாம் உறுப்புரையோ காயப்பட்டவரையும் நோயாளரையும் பொறுக்கியெடுத்துப் பராமரிக்கச் சொல்கிறதே தவிர, இறந்தவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பண்டார விழுந்தது அந்த இடைவெளிக்குள்தான். தகட்டின் அருமை தெரிந்தவர் விசாகா தர்மதாச. 1998 செப்டெம்பரில் கிளிநொச்சியில் அவருடைய மகன் காணாமற்போனார். படையினர் அடையாளத் தகடு அணிய வேண்டும் என்று போராடியதோடு, போரின் நடுவிலும் புலிகளோடு பேச முயன்ற தாய் அவர்.

செஞ்சிலுவைச் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கையின்படி அதன் பதிவில் இலங்கையில் காணாமற்போனோர் 16,000க்கும் மேல். அதில் 5,100க்கும் மேற்பட்டோர் படையினரும் பொலிசாரும். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் வீதிக்கு வந்த எமது தாய்மாரின் பிள்ளைகளும் அதே வகைப் பட்டியல்களில்தான் தேடப்படுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல: ஒருவன் சம்பளத்துக்குப் போன இராணுவத்தான், மற்றவன் 2009 மே மாதத்தில் தாயின் கண்முன்னே இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டவன். இந்த வேறுபாட்டை அழித்துவிட்டு ‘எல்லாத் தாயும் ஒன்று’ எனப் பாடுவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இரு வீட்டிலும் அரசு நீட்டுவது ஒரே மாதிரியான படிவம், இரு வீட்டிலும் கேட்பது ஒரே ஒப்பம்.

இப்படத்தைத் தமிழ் உபதலைப்புகளோடு சூரிச்சிலோ பேர்ணிலோ யாராவது திரையிட வேண்டும். படம் முடிந்த கையோடு கதிரைகளை அடுக்கிவிடாமல், முல்லைத்தீவில் சரணடைந்தவர்களைப் பற்றியும் அங்கேயே பேச ஒரு மணிநேரம் ஒதுக்கட்டும்.