விட்டுக்கொடுத்த கித்தார்

ஜாஸோடு கர்நாடகம், ராக், நாட்டுப்புறத் தாளம் என்று கலந்து, பாட்டே இல்லாமல் வாத்தியங்களை மட்டும் மேடையேற்றும் குழுக்களுக்குச் சென்னையில் நல்ல கூட்டம் வருகிறது. நுங்கம்பாக்கத்திலும் எழும்பூரிலும் அவற்றைக் கேட்டுவிட்டு தண்டையார்பேட்டைக்குத் திரும்புகிற எனக்கு அவர்கள்மேல் மதிப்பும் உண்டு, புகாரும் உண்டு.

மதிப்புக்குக் காரணம் அவர்களுக்கு முன்னோடியான ‘சக்தி’ குழு. அதன் கித்தார்காரர் ஜான் மெக்லாக்லின் 1970களின் தொடக்கத்தில் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற பேரில் காது கிழிகிற மின்கித்தார் இசையை நடத்தியவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்ற பிறகு, எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம், ராம்நாடு ராகவனின் மிருதங்கம் இவற்றுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்துச் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் அவர்கள் வாசித்த கச்சேரிதான் முதல் தட்டாக வெளிவந்தது.

அந்தக் குழுவுக்காக ஆபிரகாம் வெக்டர் செய்த கித்தாரைக் கவனிக்க வேண்டும். மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருந்தார்கள். விரல் கட்டையில் இடிக்காது. தந்தியை ஆழமாக அமுக்கி இழுத்தால் கமகம் பேசும். குறுக்கே ஏழு அனுதந்திகள் தனியே ஓடின. கலப்பென்று வாய் கிழியப் பேசாமல் தன் வாத்தியத்தையே அறுத்துக்கொண்டவர் மெக்லாக்லின். எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. கச்சேரியில் உபபக்கவாத்தியமாக ஓரத்தில் உட்கார்ந்து, தனியாவர்த்தனத்தில் ஒரு பங்கு கிடைத்தால் போதும் என்றிருந்த கடம், இங்கே மற்றவர்களுக்குச் சரிசமமாக முன்வரிசைக்கு வந்தது.

குறையும் அங்கேயேதான் இருக்கிறது. ஒருவர் மனோதர்மமாக வாசிக்கும்போது பியானோக்காரர் எதிர்பாராத சுரக்கூட்டை (கார்டு) போட்டு அவரை வேறு வழிக்குத் திருப்புவது ஜாஸின் உயிர். ஒரே ஆதார சுருதியில் நிற்கும் ராகத்தில் இதற்கு இடம் குறைவு. “கித்தார் வைத்த கர்நாடகக் கச்சேரி” என்ற குற்றச்சாட்டில் பாதியை நான் ஒப்புக்கொள்வேன்.

பின்னால் வந்தவர்களில் பலர் சக்தியிடம் எடுத்துக்கொண்டது வேகத்தை. கீபோர்டு நாலு கார்டைச் சுற்றிச்சுற்றி வரும். மேலே ஹம்சத்வனியோ மோகனமோ ஓடும். ஐந்தே ஸ்வரம், எந்தக் கார்டும் பெரிதாக உறுத்தாது. தோடியைத் தொட ஆள் குறைவு. கடைசியில் டிரம்ஸுக்கும் மிருதங்கத்துக்கும் கேள்வி-பதில், மூன்று முறை கோர்வை, கைதட்டல். யாரும் யாருக்கும் எதையும் விட்டுத்தரவில்லை. வரிசையில் நின்று முறை எடுத்தார்கள், அவ்வளவுதான். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) தட்டு வேறு கதை. அது எழுதி வைத்து வாசித்த இசை; அதில் மேடை ஆபத்தைத் தேடுவது நியாயமில்லை. இந்தக் குழுக்களோ ஆபத்தை விளம்பரம் செய்துவிட்டு ஒத்திகையை விற்கின்றன.

அந்த ஆபத்தைக் கேட்க வேண்டுமானால் எங்கள் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கு வாருங்கள். சாவு ஊர்வலமோ சாமி ஊர்வலமோ, பேண்ட் செட் முன்னே போகும். கன்டெய்னர் லாரி வந்தால் வரிசை கலையும். டிரம்பெட்காரர் பாட்டின் ஒரே அடியைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டிருப்பார்; சைடு டிரம் ஓரத்திலிருந்து எட்டிப் பிடித்ததும் அடுத்த அடிக்குத் தாவுவார். கூடவே சட்டி மேளம் இருந்தால் நடை சட்டென்று மாறும், கிளாரினெட்டும் உடனே மாறியாக வேண்டும். சுருதி பிசகும், ஒலி கரடுமுரடு, பாட்டும் பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான். ஆனாலும் ஒருவர் செய்வதைக் கேட்டு இன்னொருவர் அந்த நொடியே மாற்றிக்கொள்கிற பழக்கம், ஜாஸ் கேட்கிற அடிப்படைத் தகுதி, இவர்களிடம் இருக்கிறது.

வட சென்னை இசைக்கு மேடை கிடைத்தபோதும் அது பாட்டின் வழியாகவே கிடைத்தது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவையும் ராக்கையும் ராப்பையும் சேர்த்து ஆயிரக்கணக்கானோர் முன் வைத்தது. வட சென்னையின் தாளத்துக்கு அது பெரிய மரியாதை. ஆனால் அங்கே சொல்லே முதலாளி. வாத்தியம் துணைக்கு வந்தது. 2024இல் கிராமி வாங்கிய சக்தியின் ‘திஸ் மொமென்ட்’ தட்டிலும் சங்கர் மகாதேவனின் குரல் வந்துவிட்டது. குரல் வந்தால் நம் காது வாத்தியத்தை விட்டுவிடுகிறது, என் காதும் சேர்த்துத்தான்.

கச்சேரி ஏற்பாட்டாளர்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த கலப்பிசைக் குழுவில் வட சென்னை பேண்ட் செட்டிலிருந்து ஒரு கிளாரினெட்காரரையும் ஒரு சட்டிக்காரரையும் சேருங்கள். வாசலில் வரவேற்புக்கு நிறுத்தாதீர்கள்; மற்றவர்களுக்குத் தருகிற அதே சம்பளம், அதே மைக், முழுசாக ஒரு தனி. ஒத்திகைக்குத் தண்டையார்பேட்டைக்கே வரலாம், மெட்ரோ இருக்கிறது.