கட்டாவை ரசிப்பது எப்படி

கணினித் தொழிலின் பெருக்கத்தால் அடுக்குமாடிகள் நெருங்கி எழுந்துவிட்ட ஹைதராபாத்தின் கொண்டாப்பூர்ப் பகுதியில் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பத்தார், பிள்ளைகளைப் பாட்டுக்கும் பரதத்துக்கும் அனுப்புவது போலவே கராத்தே வகுப்புக்கும் அனுப்பத் தவறுவதில்லை. ஆனால் பரதம் பார்க்க ஓரளவு கண் பழகிய அந்தப் பெற்றோரே, கராத்தே என்றால் ஓடு எப்போது உடையும், யார் யாரை வீழ்த்துவார் என்று காத்திருந்துவிட்டு, பிள்ளை தன்னந்தனியே நின்று 'கட்டா' செய்யும் வேளையில் கைப்பேசியில் ஆழ்ந்துவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அந்த வித்தையின் சௌந்தரியமெல்லாம் கட்டாவில்தான் இருக்கிறது. ஓடு உடைப்பது வெறும் வேடிக்கை.

கண்ணுக்குத் தெரியாத எதிரிகள் பல திசைகளிலிருந்தும் வருவதாகப் பாவித்து, தடுப்பையும் தாக்குதலையும் கிரமம் பிறழாமல் கோத்துச் செய்யும் அப்பியாசமே கட்டா. ஒகினாவாத் தீவின் ஆசான் இத்தோசு அங்கோ, பள்ளிச் சிறுவர்களுக்கு உகந்தவையாக அமைத்துத் தந்த ஐந்து கட்டாக்களை, 1922இல் டோக்கியோவுக்கு வந்து கராத்தேயைச் செய்து காட்டியவரும் தாமும் பள்ளி ஆசிரியராக இருந்தவருமான ஃபுனகோஷி கிச்சின், பிற்பாடு 'ஹெயான்' என்று பெயர் மாற்றிப் பயிற்றுவித்தார். அவர் வழிவந்த ஷோட்டோகான் மரபில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை முதலில் கற்கும் ஹெயான் ஷோதானில் 21 அசைவுகள் உண்டு.

முதல் அசைவையே பாருங்கள். இடப்புறம் திரும்பிக் கீழ்நோக்கி ஒரு தடுப்பு. குத்து அதற்குப் பின்புதான் வருகிறது. ஹெயான் ஐந்துமே தடுப்பில் துவங்குகின்றன. முதல் அடி நம்முடையதாக இருக்கலாகாது என்று ஃபுனகோஷி வற்புறுத்திய தர்மம் அங்கே உபதேசமாக அல்லாமல் உடலசைவாகவே வந்துவிடுகிறது.

அடுத்ததாக, பார்வையை முஷ்டியிலிருந்து இறக்கிப் பின்காலில் நிறுத்துங்கள். பலம் தோளில் பிறக்கிறதென்று நினைப்பது பாமர வழக்கம். உண்மையிலோ பின்கால் தரையை உந்த, அந்த உந்தல் இடுப்பின் சுழற்சியில் சேர்ந்து, எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் முஷ்டியை அடைகிறது. ஆகவே குத்து முடிகிற கணத்தில் பின்குதிகால் தரையை விட்டுக் கிளம்பியிருந்தால், கை எத்தனை வேகமாகப் பாய்ந்திருந்தாலும் அந்தக் குத்துக்கு வேர் இல்லை. குத்தாத கை என்ன செய்கிறது என்பதும் ரசிகன் விட்டுவிடக் கூடாத லட்சணம். அது இடுப்புக்கு ஒட்ட இழுக்கப்படும் வேகம், மறுகை முன்னே செல்லும் வேகத்துக்குச் சமமாக இருத்தல் வேண்டும். மேல்வகுப்புப் பிள்ளைகள் கிபாதாச்சி என்னும் குதிரைவீரன் நிலையில் தாழ்ந்து நிற்கும்போது, அரைமண்டி பார்த்த கண்ணுக்கு அதன் சிரமம் உடனே விளங்கும். ஆனால் அரைமண்டியில் பாதங்கள் பக்கவாட்டில் விரிய, இங்கே அவை நேர்முன்னே நோக்குகின்றன.

இவற்றினும் நுட்பமானது நிறுத்தம். ஓர் அசைவு முடிந்ததும் உடல் ஆடாமல் அசையாமல் ஸ்திரப்பட்டு, சுவாசம் அடங்கி, திருஷ்டி முதலில் திரும்பி, பிறகே உடல் அதைத் தொடர்கிறதா என்று பாருங்கள். ஹெயான் ஷோதானில் இரண்டு இடங்களில் எழும் 'கியாய்' என்னும் முழக்கமும் தொண்டையிலிருந்து வந்தால் கத்தல், அடிவயிற்றிலிருந்து வந்தால் பலம். கட்டா முடிகையில் பிள்ளை தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருக்க வேண்டும். அரை அடி விலகி நின்றாலும், வழியில் எங்கோ ஒரு காலடி குறுகியது அல்லது நீண்டது என்று பொருள்.

தேர்ந்த கண்ணுக்கு ஒரு விருந்து வேண்டுமானால், 2021இல் டோக்கியோவின் நிப்பான் புதோகானில் நடந்த ஒலிம்பிக் போட்டியில், ஒகினாவாவிலேயே பிறந்த கியுனா ரியோ தங்கம் வென்ற கட்டாவைப் பாருங்கள். நடுவர்கள் அங்கே நுட்பத்துக்கு 70 விழுக்காடும் சரீர ஆற்றலுக்கு 30 விழுக்காடும் மதிப்பு வைத்தார்கள்.

பயில்பவருக்கு என்ன லாபம் என்று கேட்போருக்கும் இதற்குள்ளேயே விடை இருக்கிறது: காலில் உறுதி, முதுகில் நிமிர்வு, சுவாசத்தில் ஒழுங்கு, 21 அசைவுகளை மனத்தில் வரிசையாக நிறுத்தும் ஞாபகம். இடுப்பில் கட்டிய பெல்ட்டின் நிறத்தை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

அடுத்த பெல்ட் பரீட்சைக்குச் செல்லும்போது, நேர் எதிரே உள்ள நாற்காலியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் அமருங்கள். முன்னிருந்து பார்ப்பவருக்குப் பின்கால் தெரிவதில்லை.