எட்டுப் பலகை, எட்டு ரெசிஸ்டர்

திருமங்கலத்துக்குத் தெற்கே மச்சானின் தோட்டம். மேட்டுச் செம்மண்ணில் மல்லி, பள்ளத்துக் கரிசலில் பருத்தி. வீட்டிலிருந்து கிணறு 600 மீட்டர். வழியில் ஆறு இடங்களில் மண் ஈரம், கிணற்றில் நீர்மட்டம், எல்லாம் திண்ணையில் உட்கார்ந்தபடியே தெரிய வேண்டும் என்றார். ரேடியோ வைத்தால் பேட்டரி மாற்ற நான்தான் போக வேண்டும். கம்பியே போட்டேன்.

ஐ2சி-யைத் தோட்டத்துக்கு இழுக்கப் பார்ப்பவர்களைக் கண்டால் பாவமாக இருக்கும். அது ஒரே பெட்டிக்குள் சிப்பும் சிப்பும் பேசிக்கொள்ள வந்தது. பத்து மீட்டருக்குள்ளேயே அதற்கு மூச்சு வாங்கும். 1983-இல் வந்த கிழவன் ஆர்எஸ்-485-க்கு, மெதுவாகப் பேசினால் 1,200 மீட்டர் சாதாரணம். முறுக்கிய இரண்டு கம்பிகள். அவற்றுக்கிடையேயான வித்தியாசத்தை மட்டும்தான் அது கேட்கும். பம்ப்செட் மோட்டார் கிளம்பும்போது வீட்டில் பல்பு ஒரு கணம் மங்கும். அப்போது கிளம்பும் மின் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒன்றுபோல ஏறுவதால் அளவீடு அசையவே இல்லை. இந்த ஒன்றுக்காகவே அதன் காலில் விழலாம்.

விழ முடியாமல் செய்தது அதற்கென வாங்கிய மாட்யூல். டவுன்ஹால் ரோட்டில் "எல்லாரும் இதத்தாண்ணே வாங்கிட்டுப் போறாங்க" என்று தந்த நீலப் பலகை. மேஜையில் மூன்றை இணைத்தேன், கிளி மாதிரிப் பேசின. தோட்டத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனேன். ஐந்தாவதைச் சேர்த்ததும் கிணற்றடி திக்கியது. எட்டும் சேர்ந்ததும் ஊமை. ஏ, பி கம்பிகளை மாற்றிப் பார்த்தேன். (எது ஏ, எது பி என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு கட்சி. அது தனிச் சண்டை.) கரிசல் வெடிப்பில் கேபிள் அறுந்திருக்குமோ என்று பாதி வரப்பைத் தோண்டினேன். மச்சான் ஒன்றும் சொல்லவில்லை, மோர் மட்டும் கொடுத்து அனுப்பினார்.

பத்தாம் நாள் பவரை நிறுத்திவிட்டு, பூதக்கண்ணாடியும் மல்டிமீட்டருமாக உட்கார்ந்தேன். ஒவ்வொரு பலகையிலும் '121' என்று எழுதிய ஒரு துளி ரெசிஸ்டர். 12-க்குப் பக்கத்தில் ஒரு சுழி, அதாவது 120 ஓம். கம்பியின் முனையில் மோதி எதிரொலி திரும்பாமலிருக்க, சங்கிலியின் இரு முனைகளில் மட்டும் இருக்க வேண்டிய முடிவு ரெசிஸ்டர் அது. இரண்டு இருந்தால் 60 ஓம்; சிப்பும் ஏறக்குறைய அந்தச் சுமைக்குச் செய்யப்பட்டதுதான். எட்டும் பக்கம் பக்கமாக நின்றால் 15 ஓம். கிணற்றடிச் சிப் எவ்வளவு கத்தினாலும் வழியிலேயே எட்டுப் பேரும் குரலைக் குடித்துவிடுகிறார்கள். கழற்றி மாட்ட ஒரு ஜம்பர் வைத்திருந்தால் என்ன செலவாகியிருக்கும்? வைக்கவில்லை. ஒரு சீட்டில் எழுதியாவது போட்டிருக்கலாம். அதுவும் இல்லை.

நடுவிலிருந்த ஆறு பலகைகளில் சால்டரிங் அயர்னை வைத்துப் பிடுங்கினேன். அன்று மாலையே கிணறு பேசியது. ஆறு வாரமாக, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, தவறாமல் பேசுகிறது.

பிறகு ஒரு சந்தேகம். நான் ஓட்டுவது 9600 வேகம். ஒரு பிட்டுக்கு நூறு மைக்ரோ செகண்டுக்கு மேல். 600 மீட்டர் போய் எதிரொலி திரும்ப ஆறேழு மைக்ரோ செகண்ட்தான் ஆகும். பிட்டை நடுவில் வாசிப்பதற்குள் எதிரொலி அடங்கிவிடுமே? போன ஞாயிறு, முனைகளிலிருந்த இரண்டையும் கழற்றிவிட்டேன்.

ஓடுகிறது.